பியானோவில் பாடும் குரல்கள்

பியானோவின் சுரம், சுத்தியல் கம்பியைத் தொட்ட கணத்திலேயே தேயத் தொடங்கிவிடுகிறது. பாடுபவரோ ஒரு சுரத்தை மெல்ல எடுத்து, வளர்த்து, உச்சிக்குக் கொண்டுபோய் ஒரே மூச்சில் இறக்குவார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாடியே நடிக்கும் ஐரோப்பிய இசை நாடகமான ஓபராவின் இசையைப் பியானோவுக்கு மாற்றி எழுதியவர்கள் மல்லுக்கட்டியது இந்த ஒரு குறையோடுதான். அந்தப் படைப்புகளை நான் இத்தனை விரும்புவதற்கும் அதுவே காரணம். இராமேசுவரம் கோயிலில் நாகசுரத்தில் கீர்த்தனை வாசிக்கும்போது சாகித்தியம் காதில் விழாவிட்டாலும், சொல் எங்கே நீள்கிறது, எங்கே முறிகிறது என்பதை வித்துவானின் மூச்சே காட்டிவிடும். பியானோவுக்கு அந்த மூச்சும் இல்லை.

அந்நாளைய பியானோக் கலைஞர் தால்பெர்க் இதற்கு ஒரு வழி கண்டார். பாட்டைப் பியானோவின் நடுச் சுரங்களில் வைத்து இரு கட்டைவிரல்களும் மாறி மாறி எடுத்துக்கொள்ள, மற்ற விரல்கள் அதன் மேலும் கீழும் ஓடும்; கேட்பவருக்கு மூன்று கைகள் வாசிப்பதாகத் தோன்றும். 1837-இல் பாரிசில், இளவரசி பெல்ஜியோயோசோவின் இல்லத்தில் மற்றொரு பியானோ மேதையான லிஸ்ட்டுக்குப் போட்டியாக அவர் வாசித்தது, ரொசினியின் 'மோசே' ஓபராவை வைத்து இம்முறையில் எழுதிய 'ஃபாண்டசி' என்ற கற்பனைப் படைப்பைத்தான்.

லிஸ்ட் இன்னும் ஆழமாகச் சென்றார். வெர்டியின் 'ரிகோலெட்டோ' மூன்றாம் அங்கத்தில் நால்வர் ஒரே நேரத்தில் பாடுகிறார்கள்: உள்ளே கொஞ்சிக் குழையும் கோமகன், அவனைக் கேலிசெய்து சிரிக்கும் மட்தலேனா, வெளியே நின்று கேட்டு உடைந்துபோகும் கில்டா, பழிவாங்கத் துடிக்கும் அவள் தந்தை. லிஸ்ட்டின் 1859ஆம் ஆண்டு வடிவத்தில் கோமகனின் பாட்டு நடுச் சுரங்களில் அகலமாக விரிய, மட்தலேனாவின் சிரிப்பு மேலே துண்டு துண்டாகத் தெறிக்கிறது. வாசிப்பவர் ஒரே கைக்குள் ஒரு விரலை அழுத்தியும் மற்றொன்றைத் தொட்டும் தொடாமலும் வைத்து இரண்டு மனிதர்களைப் பிரித்துக் காட்ட வேண்டும். இறுதியில், ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து அடித்து வரும் ஆக்டேவ் பாய்ச்சல் கைதட்டலுக்காக எழுதப்பட்டது என்பதே என் எண்ணம்.

அதனால்தான் 1867-இல் அவர் பியானோவுக்கு மாற்றி எழுதிய, வாக்னரின் 'திரிஸ்தானும் இசோல்டேயும்' ஓபராவில் வரும் இசோல்டேயின் இறுதிப் பாட்டை நான் மேலாகக் கருதுகிறேன். முகப்பில் வரும் சில தாளக்கட்டங்களைத் தவிர, வாக்னரின் அந்தப் பாட்டுக்கு வெளியே அவர் ஏறக்குறைய எதையும் சேர்க்கவில்லை. தேயும் சுரத்தை நடுங்கும் சுரக்கோவைகளாலும், ஓயாமல் திரும்பத் திரும்ப அடிக்கும் கோவைகளாலும் நிறைத்து, முழு இசைக்குழுவின் அலையையும் பத்து விரல்களால் எழுப்பிவிடுகிறார்.

பாம்பனின் உப்புக்காற்றில் எஃகுக் கம்பிகள் துருவேறும் என்பதால் நான் டிஜிட்டல் பியானோவில்தான் வாசிக்கிறேன். எங்கள் ஊர்த் தேவாலயத்தில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகள் கேட்டால், வாக்னரின் 'தான்ஹாய்சர்' ஓபராவின் மாலை விண்மீன் பாட்டை லிஸ்ட் மாற்றி எழுதிய வடிவத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். அதில் வேகம் குறைவு. ஆனால் பாட்டை முதலில் வாய்விட்டுப் பாடிப் பார்த்து, எங்கே மூச்செடுக்கிறோமோ அங்கே கையைத் தூக்கப் பழகாமல் அதை வாசிக்க முடியாது.