இரண்டாம் விருப்பு: ஒரு தேர்தல் நாட்குறிப்பு

15 ஓகஸ்ட் 2024, வியாழன்

ஜனாதிபதித் தேர்தலுக்கான வேட்புமனு இன்றோடு முடிந்தது. 39 பேர். மத்தியானச் செய்தியில் பெயர்களை வாசித்துக்கொண்டே போனார்கள். வெங்காயம் உரித்தபடி எண்ணிக்கொண்டு வந்தேன். இருபதுக்கு மேல் கணக்குத் தவறிவிட்டது. முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு இது அழகல்ல. ஒரு பெண்ணின் பெயர்கூட வரவில்லை என்பது மட்டும் தவறவில்லை.

தமிழ்ப் பெயர்கள் வந்தன. தமிழ்க் கட்சிகள் சில சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளராக மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் அரியநேத்திரன், மலையகத்திலிருந்து திலகராஜ். முஸ்லிம் பெயர்களும் இருந்தன. இவர்களில் ஒருவரும் வெல்லப்போவதில்லை என்பது அவர்களுக்கே தெரியும். அண்ணன் மகன் பொது வேட்பாளருக்காக வேலை செய்யப் போகிறான். "வெல்வதற்கு அல்ல மாமி, சொல்வதற்கு" என்றான். எதுகையை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான்.

சிங்களவர்தான், பௌத்தர்தான் ஜனாதிபதியாக வரலாம் என்று அரசியலமைப்பில் ஒரு வரியும் கிடையாது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்ற 9ஆம் உறுப்புரை உண்டு, அவ்வளவுதான். ஆனால் 1978 முதல் நிறைவேற்று அதிகாரத்தோடு அந்தக் கதிரையில் இருந்த எட்டுப் பேரும் சிங்கள பௌத்தர்கள். அந்தக் கதிரையை உருவாக்கிய ஜே.ஆர். ஜயவர்தனவே அங்கிலிக்கன் குடும்பத்தில் பிறந்து பௌத்தரானவர். அவருக்கு முன் பண்டாரநாயக்கவும் அப்படித்தான். சட்டம் கேட்காததை ஊர் கேட்கும் என்று அந்த இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது.

1 செப்டெம்பர், ஞாயிறு

நல்லூர்த் தேர். விடியப்புறமே போய்விட்டேன். வெயில் ஏறுமுன் தேர் இருப்பிடத்துக்கு வந்துவிட்டது, எனக்குத்தான் வீட்டுக்கு வர மத்தியானம் ஆனது.

வந்தால் வேறு செய்தி. வவுனியாவில் கூடிய தமிழரசுக் கட்சியின் மத்திய குழு, எதிர்க்கட்சித் தலைவர் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக முடிவெடுத்திருக்கிறது. அரியநேத்திரன் அதே கட்சிக்காரர். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சியோ தேர்தலையே புறக்கணிக்கச் சொல்கிறது. ஆக, ஒரே இனத்துக்கு மூன்று கட்டளைகள்: அரியநேத்திரனின் சங்குச் சின்னத்துக்குப் போடு, சஜித்தின் தொலைபேசிக்குப் போடு, போடாதே.

மூன்றாவதைக் கேட்டதும் எனக்கு 1982 நினைவுக்கு வந்தது. நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல். எனக்கு 21 வயது, முதல் வாக்கு. இன்று புறக்கணிக்கச் சொல்பவரின் தகப்பனார் குமார் பொன்னம்பலம் அன்று வேட்பாளர். நான் அவருக்குத்தான் போட்டேன். யாழ் மாவட்டத்தில் அவரே முதலாவது. ஆனால் ஐயா போட்டது சிறிமா பண்டாரநாயக்கவின் கட்சி வேட்பாளர் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு! வீட்டில் இரண்டு நாள் கதை பேச்சில்லை. "சிறிமா காலத்தில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வராமல் நிறுத்தினார்கள். அந்தக் காசில்தான் நீ கம்பஸ் போனாய்" என்றார் ஐயா. அவர் தனியாளும் இல்லை: தென்னிலங்கைச் சிங்களவர் ஒருவருக்கு யாழ்ப்பாணத்தில் அன்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாக்கு விழுந்தது, ஜே.ஆர். மூன்றாமிடத்துக்குப் போனார். தமிழன் இனம் பார்த்துத்தான் போடுவான் என்று யாராவது அடித்துச் சொன்னால் எனக்கு ஐயாவின் வெங்காயக் கொட்டில்தான் கண்ணுக்குள் வரும்.

7 செப்டெம்பர், சனி

இந்த வாரம் இன்னொரு முக்கிய வேட்பாளர் அநுர குமார திசாநாயக்க யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசிவிட்டுப் போனார். தெற்கு மாற்றத்துக்குத் தயாராகும்போது அந்த மாற்றத்துக்கு எதிரானவர்களாக நீங்கள் பார்க்கப்பட்டால் தெற்கின் மனநிலை எப்படி இருக்கும் என்று கேட்டாராம். பயமுறுத்தல் என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். அழைப்பைத் திரிக்கிறார்கள் என்கிறார்கள் அவருடைய ஆட்கள்.

எனக்கு அது பயமுறுத்தலாகப் படவில்லை. ஆனால் காதில் உறுத்தியது. காலியிலோ குருநாகலிலோ ஒரு மேடையில் நின்று, "நீங்கள் வேறு ஆளுக்குப் போட்டால் வடக்கு உங்களைப் பற்றி என்ன நினைக்கும்?" என்று எந்த வேட்பாளராவது கேட்பாரா? அநுர அதை வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார். அதனால்தான் எனக்கு அது பெரிதாகப் படுகிறது. பெரும்பான்மைக்குள் பிறந்தவருக்குத் தன் இனம் நாடாகவும், மற்றவருடைய இனம் இனமாகவும் தோன்றுகிறது.

கனடாவிலிருந்து தம்பி எடுத்தான். சங்குக்குத்தான் போடவேண்டுமாம். அவனுக்கு இங்கே வாக்கில்லை.

12 செப்டெம்பர், வியாழன்

புத்தளத்திலிருந்து டீச்சர் பேசினார். 1990 வரை யாழ்ப்பாணத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். அந்த ஒக்டோபரில் புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அதற்குமேல் எழுத இன்றைக்கும் எனக்கு வராது.

தேர்தல் கதை வந்தது. "2019இல் நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியும்" என்றார். உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு பர்தா போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறவே கூசிய மாதங்கள். அந்த அச்சத்தின் மேல்தான் அந்த வருட ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவின் பிரசாரம் ஓடியது. வென்றபின் அநுராதபுரத்தில் ருவன்வெலிசாயவுக்கு முன் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்குகளாலேயே வெல்ல முடியும் என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்று அவரே சொன்னார். நூற்றுக்கு 52. அடுத்த வருடம் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களைக் குடும்பத்தின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அதற்கு அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது இந்த ஜூலையில்தான்.

பிறகு டீச்சர் மெல்லக் கேட்டார்: "தமிழ்ப் பொது வேட்பாளர் என்கிறீர்களே, அந்தப் பொதுவுக்குள் நானும் இருக்கிறேனா டீச்சர்?"

அவரும் நானும் பேசுவது ஒரே தமிழ். எனக்குப் பதில் வரவில்லை. புத்தளத்தில் மழையா என்று கேட்டேன்.

20 செப்டெம்பர், வெள்ளி

பிரசாரம் ஓய்ந்த அமைதி. நாளைக்கு வாக்களிப்பு.

பின்னேரம் அயல்வீட்டு அக்காமார் மூவர் வந்தார்கள். மாதிரி வாக்குச்சீட்டை மேசையில் விரித்தேன். இரண்டடிக்கு மேல் நீளம், மேசைக்கு வெளியே தொங்கியது. விருப்பு வாக்கை விளக்கினேன். ஒருவருக்கு மட்டும் போடுவதென்றால் 1 அல்லது புள்ளடி (X). இன்னும் இருவரைச் சேர்ப்பதென்றால் 1, 2, 3. புள்ளடியையும் இலக்கத்தையும் கலக்கக்கூடாது. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை நீக்கிவிட்டு, நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்த சீட்டுகளில் 2, 3 யாருக்கு என்று பார்ப்பார்கள்.

"அப்படியென்றால் சங்குக்கு ஒன்றைப் போட்டுவிட்டு, வரக்கூடிய ஆளுக்கு இரண்டைப் போடலாமா?" என்றார் மூத்த அக்கா. அதேதான். சொல்லவேண்டியதைச் சொல்லலாம், ஆளைத் தெரிவதிலும் பங்கெடுக்கலாம். 1978இலிருந்து சட்டத்தில் இருக்கிற வழி. இனத்துக்கா நாட்டுக்கா என்று ஆளையாள் கடித்துக் குதறுகிறோமே ஒழிய, இரண்டுக்கும் ஒரே சீட்டில் இடமிருக்கிறது என்று எந்த மேடையிலும் உரத்துச் சொல்லக் காணோம். இரண்டாவது இலக்கம் தங்கள் ஆளின் மதிப்பைக் குறைத்துவிடும் என்று பயம்போலும்.

"ஏன் பிள்ளை, இலக்கம் போட்டுப் பழுதாக்கிவிட்டால்?" என்றார் இரண்டாவது அக்கா. அவர் புள்ளடிதான் போடுவார். தெரியும்.

மூன்றாமவர் 2005 ஜனாதிபதித் தேர்தலை எடுத்தார். அந்த வருடம் வாக்களிக்கப் போகவேண்டாம் என்ற சொல் எப்படியோ ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்துசேர்ந்தது. நானும் படலையைத் தாண்டவில்லை. யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 1.21. மகிந்த ராஜபக்ச வென்றது 180,786 வாக்குகளால். நாங்கள் போயிருந்தால் என்ற கேள்வியை இந்த ஊரில் எல்லோரும் மனதுக்குள் ஒருமுறையாவது கேட்டிருக்கிறோம். ஐந்து வருடம் கழித்து, யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு இதே ஊர் பெரும்பான்மையாக வாக்களித்தது. எனக்கும் கை நடுங்கியது. போட்டேன். எதிர்ப்பக்கத்தில் ராஜபக்ச நின்றார், வேறென்ன செய்வது.

கிடைக்கும் சிங்கள பௌத்தர்களுக்குள் குறைவாக நோகச்செய்பவர் யார் என்று தேடுவதையே இத்தனை வருடம் வாக்களிப்பு என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

21 செப்டெம்பர், சனி

காலை ஏழரைக்கே வரிசையில் நின்றேன். பத்து நிமிட வேலை. சீட்டு அந்தச் சிறு மறைப்புக்குள் விரியவில்லை, மடித்து மடித்துத் தேடினேன். சங்குக்கு 1 போட்டேன். 2ஐ யாருக்குப் போட்டேன் என்று வீட்டிலும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதமாட்டேன். கடைசிவரை நிற்கக்கூடிய இருவரில் ஒருவருக்கு.

பெட்டிக்குள் போட்டபோது டீச்சரின் கேள்வி மனதில் நின்றது. 1ஐப் போட்டது சரிதானா என்று இப்போதும் நிச்சயமில்லை.

இரவு பத்து மணியிலிருந்து ஊரடங்கு. ஒரு கலவரமும் இல்லை, ஆனாலும் ஊரடங்கு. பழைய ஆட்களுக்கு அந்தச் சொல்லே வயிற்றைப் பிசையும்.

22 செப்டெம்பர், ஞாயிறு

அநுரவுக்கு 42.31, சஜித்துக்கு 32.76. எவருக்கும் பாதி இல்லை. தேர்தல் ஆணைக்குழு விருப்பு வாக்குகளை எண்ணப்போவதாக அறிவித்தது. இந்த நாட்டில் இதுவே முதல் தடவை. மூத்த அக்கா மதில் மேலால் எட்டிப்பார்த்து, "பிள்ளை, எங்கள் இரண்டை எண்ணுகிறார்களாம்!" என்றார். பரீட்சை முடிவு வந்த பிள்ளையின் முகம்.

இரவு அறிவித்தார்கள். அநுர.

24 செப்டெம்பர், செவ்வாய்

நேற்றுப் பதவியேற்பு நடந்தது. நான் கொப்பியும் கையுமாக இருந்தேன்.

யாழ் மாவட்டம்: சஜித் 121,177, சங்கு 116,688, இதுவரை ஜனாதிபதியாக இருந்த ரணில் 84,558, அநுர 27,086. நாடு முழுவதும் சங்குக்கு 226,343. அண்ணன் மகனுக்குப் பெருமை. அரியநேத்திரன் வடக்குக் கிழக்குக்காரர்தான் என்றாலும் யாழ்ப்பாணத்தவர் அல்லர். அவருக்கு இங்கே இத்தனை விழுந்தது சிறிய விடயமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துத் தமிழரில் பெரும்பாலோர் சிங்களத் தலைவர்களுக்கே வாக்களித்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். மறுபடி தேத்தண்ணீர் மிஞ்சியது.

என்னைத் தூங்கவிடாதது வேறு கணக்கு. முதல் இருவருக்கும் போகாத செல்லுபடியான வாக்குகள் ஏறக்குறைய 33 இலட்சம். விருப்பு வாக்கு எண்ணியபின் அநுரவுக்குக் கூடியது 105,264, சஜித்துக்கு 167,867. சேர்த்தால் 273,131. நூற்றுக்கு எட்டு! மற்ற 92 சீட்டுகளில் இரண்டாவது போடப்படவே இல்லை, அல்லது போட்டது நீக்கப்பட்ட இன்னொருவருக்கு. தமிழர் மட்டுமல்ல, ரணிலுக்கும் நாமல் ராஜபக்சவுக்கும் போட்ட சிங்களவரும் இப்படித்தான். தன் ஆள் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்று யோசிக்கும் பழக்கம் எந்த இனத்துக்கும் வரவில்லை.

அந்த எட்டுக்குள் நானும் மூத்த அக்காவும் இருக்கிறோம்.

15 நவம்பர், வெள்ளி

பொதுத்தேர்தல் முடிவு. யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்று அநுர கட்சியின் திசைகாட்டிக்கு! செப்டெம்பரில் 27,086, இப்போது 80,830. எட்டு வாரம்.

கனடாத் தம்பி காலையிலேயே எடுத்தான். "எங்கள் சனம் இனத்தை மறந்துவிட்டதா அக்கா?" மறக்கவில்லை என்றேன். இங்கே திசைகாட்டியில் வென்ற மூவரும் தமிழர். சிங்களத் தலைமையுள்ள கட்சிக்குப் போட்டாலும் சீட்டில் தெரிந்த முகத்துக்கு இலக்கம் குத்தலாம். ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுவதற்கும் ஒரே கதிரை, அந்த வழி அங்கே கிடையாது. போதாததற்கு எங்கள் கட்சிகள் ஒன்றையொன்று உடைத்துக்கொண்டு நின்றன, வெங்காயத்துக்கும் விலையில்லை. ஐயா இருந்திருந்தால் சிரித்திருப்பார். தம்பிக்குத் திருப்தியில்லை, தொலைபேசியை வைத்துவிட்டான்.

பின்னேரம் அண்ணன் மகன் வந்தான். முகம் தொங்கியிருந்தது. என் கொப்பியை எடுத்து அந்த நூற்றுக்கு எட்டுக் கணக்கை நெடுநேரம் பார்த்தான். "மாமி, இந்த 1, 2, 3ஐ ஊரில் நாலைந்து இடத்தில் சொல்லிக்கொடுப்பீர்களா?" என்றான். புத்தளத்து டீச்சரையும் கூப்பிடுவதென்றால் வருகிறேன் என்றேன். யோசித்தான். சரி என்றான்.

பெரிய மாதிரிச்சீட்டு வரையத் தாள் வேண்டும். அவன் வீட்டில் சங்குச் சுவரொட்டி ஒரு கட்டு மிச்சம் கிடக்கிறதாம். பின்பக்கம் வெள்ளைதானே, கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.