ஜந்தர் மந்தர் நிழலும் ஒரு மொட்டை மாடி என்.ஓ.சி.யும்

டெல்லியில் வெயிலை நம்பி நடனப் படம் எடுக்கப் போகிறவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை தேதி குறிக்காதீர்கள். நவம்பரில் புகை, அப்புறம் மூடுபனி. நிழலே விழாது. எங்கள் படம் முழுக்க நிழல்.

ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெய்சிங் 1724-இல் அமைத்த வானியல் ஆய்வுக்கூடமான ஜந்தர் மந்தருக்குப் போகிறவர்கள் சம்ராட் யந்திரம் என்ற மாபெரும் சூரியக் கடிகாரத்தின் பெரிய சரிவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எங்களைப் பிடித்துக்கொண்டது சூரியனின் உயரத்தையும் திசையையும் நிழலால் அளக்கும் ராம யந்திரம். இரண்டு வட்டக் கட்டடங்கள். ஒவ்வொன்றிலும் நடுவே ஒரு தூண், சுற்றிலும் 30 பிரிவுகள், நடுநடுவே ஆள் நிற்க இடைவெளி. ஒன்றில் இடைவெளி வரும் இடத்தில் மற்றதில் கல் இருக்கும். தூணின் நிழல் இங்கே இடைவெளியில் விழுந்தால் அங்கே போய் அளவைப் படிக்க வேண்டும். இரண்டு பேர் ஆட இதைவிட என்ன வேண்டும்? ஒருத்தி விட்ட இடத்தில் மற்றவள் காலை வைப்பாள். ரூபக தாளம், கண்ட நடை. தாளத்தின் ஆறு அட்சரத்துக்கும் ஐந்தைந்து மாத்திரை என்றால் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, சரியாக 30. எங்கள் நடன டீச்சர் ஒரே மூச்சில் ஜதி கட்டிவிட்டார். ஒத்திகையிலும் தொல்லை இல்லை.

அங்கேயே எடுப்பதென்றால் தொல்லியல் துறையின் உரிமமும் கட்டணமும் டெபாசிட்டும் வேண்டும். முன் அனுமதி இல்லாமல் ட்ரைபாடு விரிக்கக்கூட முடியாது. ட்ரோன் பேச்சையே எடுக்காதீர்கள், மத்திய டெல்லியில் அது பறக்கத் தடை. அங்கேயே எடுப்பது எங்கள் பணத்துக்கு ஆகாது. டிக்கெட் வாங்கிப் போய், நிழலை அளந்து குறித்துக்கொண்டு, மொட்டை மாடியில் பி.வி.சி. குழாய்த் தூண் நட்டு எடுப்பது என்று முடிவானது. போகும் முன் அன்றைக்குப் போராட்டம் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாசல் ரோட்டில் தடுப்பு வைத்துவிட்டால் சுற்றிச் சுற்றித்தான் போக வேண்டும்.

மாடி கிடைத்தது கிழக்கு டெல்லியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர் “ஷூட்டிங்கா? அப்படியென்றால் கமர்ஷியல்” என்றார். சொந்தக் காசு, விற்பனைக்கு இல்லை என்றோம். சரி, கம்பெனி லெட்டர்ஹெட்டில் அதை எழுதிக் கொடுங்கள் என்றார். கம்பெனியே இல்லையே! இல்லாவிட்டால் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) இல்லை. செயலாளரைப் பார்க்கலாமென்றால் அவர் எப்போது போனாலும் ‘இப்போதுதான் கிளம்பினார்’. இதற்குள் காற்று கெட்டுப்போய்க் கட்டுப்பாடுகள் வந்தன. தூண் ஏற்றிவர வேண்டிய டெம்போ பழைய டீசல் வண்டி, வர முடியாது என்று கைவிரித்துவிட்டது.

கடைசியில் வழி காட்டியது மேல் மாடி மாமி. “நீங்க ஏன்மா எழுதறேள்? வீட்டுக்காரா நாங்க எழுதினா எப்படி இல்லேன்னு சொல்லுவான்?” என்றார். மாமா ஹிந்தியில் அரைப் பக்கம் எழுதினார்: ‘என் விருந்தினர்கள், நடன ஒத்திகை, மைக் கிடையாது.’ அன்று சாயங்காலமே முத்திரை விழுந்தது. எனவே விண்ணப்பம் எப்போதும் வீட்டு உரிமையாளர் பெயரில் போகட்டும். நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்காமல் நகராதீர்கள்.

ஆனால் அதற்குள் மார்ச் வந்துவிட்டது. டிசம்பர் கடைசியில் டெல்லி உச்சிவெயிலில் ஐந்தடித் தூணுக்கு ஆறடிக்கு மேல் நிழல் விழும். மார்ச் மூன்றாம் வாரத்தில் அது மூன்றடிகூட இல்லை. அடவுகளெல்லாம், அதாவது ஆட்ட அசைவுகளெல்லாம், நீள நிழலுக்காகப் போட்டவை! டீச்சர் மாடியில் உட்கார்ந்தேவிட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தால், சூரியன் அதே டிசம்பர் உயரத்தில் நிற்பது காலை ஒன்பதரை வாக்கில். என்ன, நிழல் வடக்கே விழாமல் மேற்குப் பக்கமாகச் சாயும். தூண் வரிசையையும் கேமராவையும் திருப்பி வைத்தோம், நிழல் மறுபடி நீண்டது. அன்றைக்கு எங்கள் கணக்கு வாத்தியாரை மனதாரக் கும்பிட்டேன். இன்னொன்று, சூரியக் கடிகாரத்தின் பன்னிரண்டு மணி உங்கள் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு அல்ல. இந்திய நேரத்துக்கு டெல்லி சுமார் 21 நிமிடம் பின்னால். அதையும் சேர்த்து ஷாட் நேரம் போடுங்கள்.

கையில் இருந்தது முக்கால் மணி நேரம்தான். பத்தேகாலுக்கு மாமி வடாம் மாவோடு மேலே வந்து நின்றார். “முடிஞ்சுதாடி கொழந்தேளா?”

முடிந்தது. படமும் நன்றாகவே வந்திருக்கிறது. சொசைட்டியில் கட்டிய டெபாசிட் மட்டும் இன்னும் வரவில்லை. கணக்கு எழுதுபவர் ஊருக்குப் போயிருக்கிறாராம்.