டீச்சரின் கட்டிலுக்குக் கீழே

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பரதநாட்டிய டீச்சரின் வீட்டை ஒதுக்க உதவிக்குப் போயிருந்தேன். டீச்சர் காலமாகி ஆறு மாதம். கனடாவிலிருந்து மூன்று கிழமை லீவில் வந்திருந்த மகள் ஃபிளாட்டை விற்றுவிட்டுத் திரும்ப வேண்டும். சலங்கை, நடராசர் சிலை, அரங்கேற்ற நகைகள் எல்லாவற்றையும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே கிடந்த கடதாசிகளைத்தான் ஒருவரும் கேட்கவில்லை.

"பழைய பேப்பர்காரனிட்டக் குடுக்கவா தம்பி?" என்றார் அக்கா.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு சீ.ஆர். கொப்பிகள் (தடித்த மட்டை போட்டவை), நட்டுவாங்கத்துக்காக, அதாவது தாளம் போட்டுச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவதற்காக, டீச்சர் எழுதி வைத்தவை. ஒன்றில் ஒரு வர்ணத்தின் (கச்சேரியின் நீண்ட உருப்படி) முதல் தீர்மானத்தை, அதாவது ஒரு பகுதியை முடித்துவைக்கும் தாளக் கோர்வையை, மூன்று முறை எழுதி, இரண்டை வெட்டியிருக்கிறார். ஓரத்தில் பென்சிலால், "முழங்கால் நோ, மண்டி வேண்டாம்." (மண்டி என்றால் முழங்காலை முழுக்க மடித்து இருக்கிற நிலை.) இன்னொரு பக்கத்தில், "கரண்ட் போனால் மிருதங்கம் நிற்கக் கூடாது." 1996 வரட்சியில் மின்வெட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆட்டம் மாணவிகளின் உடம்பில் தங்கிவிடும் என்பார்கள். சரி, அடவு, அந்த அடிப்படை அசைவுகள், தங்கும். வெட்டிய தீர்மானம் யாருடைய உடம்பில் இருக்கும்? ஒரு பிள்ளையின் முழங்காலுக்காக டீச்சர் தாளக் கணக்கையே மாற்றிப் போட்டது அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. கூத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியாரின் கொப்பியை அவர்கள் லேசில் வெளியே விடமாட்டார்கள். நாங்கள் அழைப்பிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிவிட்டுக் கொப்பியை எடைக்குப் போடுகிறோம்.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 அளவில் நூல்கள் எரிந்ததை இன்றும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்குள் இப்படிச் சத்தமில்லாமல் போவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நானும் யோக்கியன் இல்லை. பக்கமே பசையாக இருக்கிற அந்தக் கால அல்பம் தெரியுமல்லவா, அதிலிருந்து ஒரு படத்தை உரித்து எடுக்கப் போய், வயலின்காரரின் முகத்தில் பாதி பசையோடு போய்விட்டது. பக்கத்தோடு சேர்த்தே படம் பிடித்திருக்க வேண்டும். அன்றைக்குப் பிறகு எதையும் உரிப்பதில்லை, லேமினேட் செய்வதில்லை (அது காகிதத்துக்குச் சமாதி கட்டுகிற வேலை), துருப்பிடித்த கிளிப்பை மட்டும் மெதுவாகக் கழற்றுகிறேன். எங்கள் கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் ஒரு கிளிப் பத்துப் பக்கத்தைத் தின்றுவிடும். படத்தின் பின்னால் பெயர் எழுதுவதானால் பென்சில்தான், பேனை வேண்டாம். அப்புறம் முக்கியமானது, அடுக்கைக் கலைக்காதீர்கள். எந்தக் கொப்பிக்குள் எந்த மண்டப ரசீது செருகியிருந்தது என்பதை வைத்துத்தான், திகதி போடாத ஒரு நிகழ்ச்சி எந்த வருடத்தது என்று எங்களால் பிடிக்க முடிந்தது.

ஸ்கேன் செய்து பொதுவில் வைக்க நூலகம் நிறுவனம் இருக்கிறது. 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்தி வருகிறார்கள். அக்காவிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, "அம்மா ஆக்களை ஏசி எழுதினதும் இருக்குமே" என்றார். நியாயமான பயம். அந்தப் பக்கங்களை இப்போதைக்குத் தனி உறையில் போட்டுத் தானே வைத்துக்கொள்ளச் சொன்னேன், கிழிக்க மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கொப்பிகள் இப்போது என் அறையில் அலுமாரியின் மேல் தட்டில். பதினொரு கசெட்டுகளும் இருக்கின்றன, போட்டுக் கேட்க ஒரு பிளேயர் தேடுகிறேன். யாரிடமாவது ஓடுகிற நிலையில் ஒன்று இருந்தால் சொல்லுங்கள், வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்றால் நானே வந்து எடுத்துக்கொள்வேன்.