பெயர் எழுதாத அம்புக்குறி

நம் பள்ளி மலருக்கு ஒரு நினைவுக் கட்டுரை கேட்டிருந்தீர்கள். விளையாட்டுப் போட்டியைப் பற்றியும் பரிசளிப்பு விழாவைப் பற்றியும் எழுத எங்கள் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு பாம்புச் சட்டை.

விலங்கியல் ஆய்வுகூடத்தின் நீண்ட மேசையில் கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் எங்கள் விலங்கியல் ரீச்சர் அதைக் கிடத்தியிருந்தார். சாரைப்பாம்பு உரித்த சட்டை. உதட்டிலிருந்து வால்நுனி வரை ஓர் இடத்திலும் கிழியவில்லை. வெங்காயச் சருகைப் போல மெல்லியது. “கிட்ட வந்து பாருங்கோ பிள்ளைகள். மூச்சை மட்டும் மெதுவாக விடுங்கோ, பறந்துவிடும்” என்றார்.

“இதில் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது?” என்பதுதான் அன்று அவர் கேட்ட முதல் கேள்வி. ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பாம்பு தன் மூக்கையும் உதட்டையும் கல்லில் உரசி, அங்கே தோலைக் கிளப்பிக்கொண்டு, அப்படியே முன்னால் ஊர்ந்து வெளியே வந்துவிடும். காலுறையை மேலிருந்து சுருட்டிக் கழற்றினால் அது புரண்டுதானே வரும்? அதேபோல, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது முழுவதும் உட்பக்கம். தோலுரித்தல் என்று பாடநூலில் இருந்த சொல்லை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால், “சட்டை கழற்றுதல் என்று நம் ஆட்கள் சொன்னார்களே, அவர்கள் இதை நின்று பார்த்தவர்கள்” என்றார்.

பிறகு கண்ணைக் காட்டினார். கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை இருக்கும் என்றே நினைத்திருந்தோம். ஓட்டை இல்லை. சட்டைப் பொத்தானிலும் சிறிய, குவிந்த, தெளிந்த வட்டம் இரண்டு இருந்தன. பாம்புக்கு மூடித் திறக்கும் இமை கிடையாது. கருவிலேயே இமைகள் ஒன்றாகிக் கண்ணுக்கு மேல் கண்ணாடி போன்ற ஒரு மூடியாகிவிடுகின்றன. மற்றச் செதில்களோடு சேர்ந்து அதுவும் உரிந்துபோகும். ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் அதற்கு மூக்குக்கண்ணாடியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நாங்கள் கொப்பியில் ‘கண்ணாடிச் செதில்’ என்று எழுதிக்கொண்டோம்.

இந்த ஒரு சொல் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கைகொடுத்தது. நான் இப்போது ஒரு கால்நடை மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறேன். ஒருநாள் ஒரு சிறுவன் பெட்டியோடு வந்து அழுதான். வீட்டில் வளர்த்த பாம்பின் இரண்டு கண்ணும் பால் படிந்து நீலமாகிவிட்டன, குருடாகிவிட்டது என்றான். பெட்டியைத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்தக் கறுப்புத் தாள்தான் தெரிந்தது. பழைய கண்ணாடிச் செதிலுக்கும் அடியில் உருவாகும் புதியதற்கும் இடையில் திரவம் சேரும்போது கண் அப்படி மங்கும். சில நாளில் தானாகவே தெளியும். தெளிந்த பிறகுதான் சட்டை உரியும். “உரித்ததும் சட்டையை எடுத்து, இரண்டு கண்மூடியும் அதில் இருக்கின்றனவா என்று பார். ஒன்று குறைந்தால் அது கண்ணிலேயே ஒட்டிக்கிடக்கிறது, உடனே கொண்டுவா” என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது ரீச்சரின் குரல்தான் என் வாயிலிருந்து வந்தது.

சரி, ஆய்வுகூடத்துக்கு வருகிறேன். அந்தச் சட்டையின் தலைப்பகுதியைப் பார்த்து ஒரு பக்கம் முழுவதும் பெரிதாக வரையச் சொன்னார். செதிலுக்கு ஒரு அம்புக்குறி, அம்புக்குறிக்கு ஒரு பெயர். மூக்குத்துளையைச் சுற்றி நாசிச் செதில். வாயோரம் வரிசையாக மேலுதட்டுச் செதில்கள். கண்ணுக்கு முன்னால் கண்முன் செதில், பின்னால் கண்பின் செதில். நாசிச் செதிலுக்கும் கண்முன் செதிலுக்கும் நடுவில் ஒரு இடம் மிஞ்சியது. அதற்கும் ஒரு அம்புக்குறி போடச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. “ஆங்கிலப் பெயர் எனக்குத் தெரியும். அது எதைக் குறிக்கிறது என்று தெரியாது. தெரியாத சொல்லை உங்களுக்குத் தந்து என்ன பயன்? இடத்தை விட்டு வையுங்கோ” என்றார்.

அவர் அப்படித்தான். ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும், ‘இந்தப் பெயரை வைத்தவர் எதைப் பார்த்தார்?’ என்று கேட்பார். பரீட்சைக்கு அது வராது. ஆனாலும் கேட்பார்.

தவளை போன்ற விலங்குகளை ஈரூடகவாழி என்று எங்கள் பாடநூல் சொன்னது. இன்னொரு நூலில் இருவாழ்வி என்றிருந்தது. எது சரி என்று ஒருவன் எழுந்து கேட்டான். ரீச்சர் கரும்பலகையில் இரண்டையும் எழுதினார். முதலாவது, விலங்கு இருக்கும் இடத்தைச் சொல்கிறது, நீரும் நிலமும் என்ற இரண்டு ஊடகம். இரண்டாவது, அது வாழும் வாழ்க்கையைச் சொல்கிறது. கிரேக்க மூலச் சொல்லிலும் ‘இரு பக்கம்’, ‘வாழ்வு’ என்ற இரண்டே பொருள்கள்தான் இருக்கின்றன. தவளை வாற்பேத்தையாக, அதாவது தலைப்பிரட்டையாக, இருக்கும்போது பூக்களால் சுவாசம் (செவுளைப் பாடநூல் பூ என்றே சொன்னது), வாலால் நீச்சல், பெரும்பாலும் பாசி தின்னும் நீண்ட சுருள்குடல். தவளையான பிறகு நுரையீரல், நான்கு கால், பூச்சி பிடிக்கும் நாக்கு, குறுகிய குடல். ஒரே உடல் இரண்டு பிறவி எடுத்ததுபோல. சில தவளைகள் முட்டைக்குள்ளேயே வாற்பேத்தைப் பருவத்தை முடித்துக் குட்டித் தவளையாகவே வெளிவரும். சில வாழ்நாள் முழுவதும் தண்ணீரை விட்டு ஏறா. அதனால் இரண்டு சொல்லுமே எல்லாவற்றுக்கும் பொருந்தாது. எனக்கு இன்றும் இருவாழ்விதான் பிடிக்கும். லின்னேயஸ் 1758இல் பாம்பையும் பல்லியையும் ஆமையையும்கூட இந்த ஒரே பெயருக்குள் தவளையோடு அடைத்துவைத்திருந்தார். ஊர்வனவும் இருவாழ்விகளும் பின்னர்தான் தனித்தனி வகுப்புகளாயின.

தவளையை வெட்டும் நாளுக்கு முந்தைய வாரம் கத்தி எதையும் தரவில்லை. கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள தவளை ஒன்றை விட்டு, ஒரு பாடவேளை முழுவதும் பார்க்கச் சொன்னார். முதல் பத்து நிமிடம் சலிப்பாக இருந்தது. அப்புறம்தான் கண் பழகியது. தொண்டையின் அடி இடைவிடாமல் துடித்தது. மூக்குத்துளை திறந்து மூடியது. தவளைக்கு நம்மைப் போல விரியும் விலாக்கூடு இல்லை, உதரவிதானமும் இல்லை. வாய்க்குழியின் தளத்தைத் தாழ்த்திக் காற்றை மூக்கால் எடுத்து, துளையை மூடி, தளத்தை உயர்த்தி நுரையீரலுக்குள் தள்ளுகிறது. தவளை மூச்சை இழுப்பதில்லை, விழுங்குகிறது. பிறகு ரீச்சர் ஒரு புழுவைப் போட்டார். அது வாய்க்குள் போனதும் தவளையின் இரண்டு கண்ணும் தலைக்குள் அமிழ்ந்தன. கண்விழிகள் கீழிறங்கி இரையைத் தொண்டைப் பக்கம் தள்ள உதவுகின்றன. பார்க்கும் கண்ணே விழுங்கவும் துணைபோகிறது என்பதை அந்தத் தொட்டியின் முன்னால் நின்றிராவிட்டால் நம்பியிருக்க மாட்டேன்.

கண்ணுக்குப் பின்னால் வட்டமாக, இறுக்கிக் கட்டிய தோல்போல ஒன்று தெரிந்தது. செவிப்பறை. பறை என்றால் பறைதான், தோலை இழுத்துக் கட்டிய கருவி. இலத்தீன் பெயரும் அதே கருவியைத்தான் சொல்கிறது என்று கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. கடல்கள் பிரித்த இரண்டு மொழிக்காரர்கள் ஒரே உறுப்பைப் பார்த்து ஒரே வாத்தியத்தை நினைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெருந்தவளையில் அந்தப் பறை கண்ணைவிடப் பெரிதாக இருந்தால் ஆண், ஏறக்குறைய கண்ணளவு இருந்தால் பெண் என்று பிரிப்பார்கள்.

பாம்பிடம் இந்தப் பறை கிடையாது. அதனால்தான் பழந்தமிழில் அதற்குக் கட்செவி என்று பெயர், கண்ணையே காதாகவும் உடையது. பெயர் வைத்தவர் பாதியைச் சரியாகப் பார்த்தார். வெளியே காதுத்துளை இல்லை, பறை இல்லை. ஆனால் உட்செவி இருக்கிறது. செவியின் சிறு எலும்பு தாடையைத் தாங்கும் எலும்போடு சேர்ந்திருப்பதால், தரையில் தாடையை வைத்தால் நிலத்தின் அதிர்வு நேரே உள்ளே போகும். மண்டையோட்டை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலி காற்றில் வந்தாலும் அதற்குக் கேட்கும். கட்செவி தவறான விளக்கம்தான். ஆனாலும் அந்தச் சொல்லை இழக்க எனக்கு மனமில்லை. இல்லாத ஒன்றை இல்லையென்று கவனித்த கண் அதில் இருக்கிறது.

தவளையிலும் ஊர்வனவற்றிலும் கழிவெல்லாம் வந்து சேர்ந்து வெளியேறும் அறைக்குக் கழியறை என்று பெயர். அந்தச் சொல்லோடு எனக்கு அப்படியொரு சமாதானம் இல்லை. அதன் இலத்தீன் பெயருக்குப் பொருள் சாக்கடை, உரோம் நகரின் பழைய பெருங்கால்வாய்க்கும் அதே பெயர். மலமும் சிறுநீரும் மட்டுமா அந்த வழியாகப் போகின்றன? முட்டையும் அதன் வழியாகத்தான் வருகிறது, இனச்சேர்க்கையும் அங்கேதான். அவுஸ்திரேலியாவின் பிட்ஸ்ரோய் ஆற்று ஆமை தண்ணீருக்கடியில் இருந்தபடியே அந்த வழியாக ஒட்சிசனும் எடுக்கிறது. பொதுப்புழை என்று சொல்பவர்கள் நியாயமாகச் சொல்கிறார்கள்.

இன்னும் மோசமானது ‘குளிர்க்குருதி விலங்கு’. இதை ஒரு மாணவி விடைத்தாளில் எழுதியபோது ரீச்சர் மதிப்பெண் குறைக்கவில்லை, பாடநூலிலேயே அப்படித்தான் இருந்தது. ஆனால் மறுநாள் வகுப்பு முழுவதும் அதைப் பற்றியே பேசினார். பாலைவன இகுவானா என்ற பல்லி, உடல் 40 பாகை செல்சியசைத் தாண்டியும் ஓடித்திரியும். அந்த நேரத்தில் அதன் குருதி நம் குருதியைவிடச் சூடு. வெப்பத்தை உள்ளே உண்டாக்கிக் காக்காமல் வெயிலிலும் கல்லிலும் இருந்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். ‘புறவெப்பத்தில் வாழ்வது’ என்று எழுதச் சொன்னார். இன்றும் குளிர்க்குருதி என்று யாராவது சொன்னால், அது கொடூரம் என்ற பொருளுக்கு வழுக்கிப்போவதைக் கேட்கிறேன். வெயிலுக்காகக் கல்லில் படுத்திருக்கும் பல்லிக்கு அது அநியாயம்.

ஆமையோட்டைக் கவிழ்த்துக் காட்டிய நாளையும் சொல்ல வேண்டும். உட்புறக் கூரையின் நடுவில் முதுகெலும்பு ஓடியது, அதிலிருந்து விலா எலும்புகள் இரு பக்கமும் விரிந்து ஓட்டோடு ஒன்றாகியிருந்தன. ஆமை ஓட்டுக்குள் குடியிருக்கவில்லை, ஓடே அதன் உடல். நம் தோள்பட்டை எலும்பு விலாவுக்கு வெளியே இருக்கிறது, ஆமைக்கு அது விலாக்கூட்டின் உள்ளே. எங்களில் பாதிப்பேர் தங்கள் முதுகைத் தடவிப் பார்த்தது நினைவிருக்கிறதா?

பாம்புப் பற்களின் நான்கு வகையையும் மனப்பாடம் செய்தோம், பரீட்சை எழுதினோம். மனதில் நின்றது முட்டைப் பாடம்தான். தவளை முட்டைக்கு ஓடில்லை, கூழ்தான். தண்ணீரோ ஈரமோ இல்லாவிட்டால் காய்ந்துவிடும். ஊர்வனவற்றின் முட்டைக்குள் கருவைச் சுற்றி ஒரு பை, பையில் நீர். ரீச்சர் அந்தப் படலத்தின் அயல்மொழிப் பெயரைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வெண்கட்டியைக் கீழே வைத்தார். “உங்களுக்கு இது தெரியும். உங்கள் எல்லோருக்கும் இது இருந்தது. அம்மாவிடம் கேளுங்கோ, பன்னீர்க்குடம் என்று சொல்வா” என்றார். வகுப்பு அமைதியானது. ஆமைக்கும் பல்லிக்கும் பறவைக்கும் எங்களுக்கும் ஒரே குடம். குளத்தைத் தேடிப் போகாமல் குளத்தையே முட்டைக்குள் எடுத்துக்கொண்டு நிலத்தில் ஏறியவர்களின் பிள்ளைகள் நாங்கள் எல்லோரும். அந்த ஒரு சொல்லால் அவர் எங்களை அந்தப் பாம்புச் சட்டைக்காரரின் உறவினராக்கிவிட்டார்.

கொப்பியை நான் எங்கு போனாலும் கொண்டுபோனேன். சாரைத் தலை வரைந்த பக்கம் பழுப்பேறி, மடிப்பில் இற்றுவிட்டது. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் நிற்கும் அம்புக்குறி மட்டும் பெயரில்லாமலே இருந்தது.

வேலையில் இருந்த இடத்தில் ஒரு நாள் பழைய அகராதி ஒன்றைப் புரட்டியபோது அந்தச் செதிலின் ஆங்கிலப் பெயருக்கு வேர் அகப்பட்டது. இலத்தீனில் அது தோல்வார், கடிவாளத்தின் வார். குதிரைக்குக் கடிவாளம் பூட்டினால் முகத்தில் வார் ஓடும் பக்கம் அல்லவா அது! எனக்கு உடனே படம் விளங்கிவிட்டது. குழிவிரியன்களுக்கு வெப்பத்தை உணரும் குழி இருப்பதும் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவிலுள்ள இதே இடத்தில்தான். நாகம் சேர்ந்த குடும்பத்துப் பாம்புகளில் பொதுவாக இந்தச் செதிலே இருப்பதில்லை. சாரையில் இருக்கிறது. செத்துக் கிடக்கும் பாம்பு எது என்று பிரித்தறிய அந்த ஒரு செதில் உதவும். ரீச்சர் ஏன் சாரைச் சட்டையை எடுத்துவந்தார், ஏன் வெற்றிடத்துக்கும் அம்புக்குறி போடச் சொன்னார் என்று அன்றுதான் யோசித்தேன்.

பென்சிலால், அழிக்கக்கூடிய விதத்தில், ‘வார்ச் செதில்’ என்று எழுதியிருக்கிறேன். அன்று அந்த மேசையைச் சுற்றி நின்ற இருபத்தாறு பேரில் யாரிடமாவது அந்தப் பக்கம் இன்னும் இருந்தால், நீங்கள் அந்த இடத்தில் என்ன எழுதினீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.