உளோம் போகீர்

என் வீட்டுக்காரர் இறந்துபோன மார்கழியிலிருந்து "எல்லாம் அவன் செயல், மனசைத் தேத்திக்கோம்மா" என்று சொல்லாதவர் எங்கள் டெல்லி முனிர்க்காவில் பாக்கி இல்லை. பிரியமாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு வந்ததென்னவோ ஆறுதல் இல்லை, ஆத்திரம். விளக்கேற்றுவேன், ஸ்லோகம் வாயில் வராது. வெளியே சொன்னால் அபசாரம் என்பார்கள்.

வாயில் வந்தது, சின்ன வயதில் அப்பா மனப்பாடம் செய்யவைத்த சுந்தரர் தேவாரம். இரண்டு கண்ணும் போனவர் அவர். ஒன்று காஞ்சியில் திரும்பக் கிடைத்து, மற்றது இன்னும் வராமல் திருவாரூரில் சிவன் முன்னால் நின்று பாடுகிறார்: "மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிக வாடி." ராத்திரி மூன்று மணிக்கு, டெல்லிக் குளிரில், ரஜாய்க்குள் விழித்துக்கொண்டு கிடந்தவளுக்கு அதற்குப் பதவுரை வேண்டியிருக்கவில்லை. அடியார்கள் கஷ்டத்தைச் சொன்னாலும் நீர் பேசாமல் இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நல்லா இரும் ஐயா! எங்கள் திருநெல்வேலிப் பாட்டி யாரையாவது வைதால் இதே தொனிதான். இந்த வசவை ஏழாம் திருமுறையில் வைத்து, சாமி முன்னாலேயே ஓதுகிறோம். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கண்ணும் வந்தது.

(பிரியமாட்டேன் என்று மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறியதால் சுந்தரருக்குக் கண் போனது. நாங்கள் எந்தச் சத்தியத்தை மீறினோம்? அந்தக் கேள்வி எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது.)

காஞ்சிக்கு முன்னால், கண் தெரியாமல் தட்டுத்தடுமாறித் திருவெண்பாக்கம் வந்து, கோயிலுக்குள் இருக்கிறீரா என்று சிவனைக் கேட்கிறார். பதில்: "உளோம் போகீர்." இருக்கிறோம், போய் வாரும். கையில் ஒரு ஊன்றுகோல். கண் கிடைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அந்தக் கோயிலே பிற்பாடு பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய், வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள்.

இங்கே ஆர்.கே. புரம் முருகன் கோயிலில், மலை மந்திரில், "யாமிருக்க பயமேன்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். முருகனைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பயம் இருக்கிறது: பையனுக்கு இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு, குடும்ப பென்ஷன் இன்னும் வந்து சேரவில்லை. பயப்படாதே என்பதைவிட "இருக்கிறோம், போ" என்பதுதான் இப்போதைக்கு என்னால் நம்ப முடிகிற அளவு. ஊன்றுகோல் என்று பார்த்தால் கீழ்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி. அவருக்குத் தேவாரமும் தெரியாது, தமிழும் தெரியாது. ரொட்டியையும் தாலையும் வைத்துவிட்டு நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். பாங்குக்குக் கூடவே வந்து, கவுன்ட்டரில் எனக்கும் சேர்த்துச் சண்டை போட்டார்.

திங்கட்கிழமைகளில் மலை மந்திர் போகிறேன். முட்டி வலியோடு படியேறி, சுந்தரேஸ்வரர் சந்நிதியில் நின்று, முணுமுணுவென்று அந்த வசவுப் பதிகத்தைச் சொல்லி முடிப்பேன். குருக்கள் என்னைப் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டு விபூதியைத் தாராளமாகவே அள்ளிக் கொடுக்கிறார்.