முழங்கால் அளவுக் கடல்

கொச்சிக்குப் போனது கல்யாணத்துக்கு. 2017 ஜனவரி. எர்ணாகுளத்தில் முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. கோவைக்கு ரயில் இரவில்தான். நடுவில் ஒரு முழுப் பகல் கிடந்தது. "பினாலே பார்த்துட்டு வரலாம் பெரியம்மா" என்றேன். "அதென்ன சாமி, பலகாரமா?" என்று கேட்டார். பெரிய கலைக் கண்காட்சி என்று சொன்னேன். படகில் போக வேண்டும் என்றதும் பட்டுச்சேலையோடேயே கிளம்பிவிட்டார்.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கி ஒரு டீ குடித்தோம். செல்லா நோட்டு அறிவிப்பு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என்னிடம் இருந்ததோ புத்தம் புதிய இரண்டாயிரம் ரூபாய் நோட்டு. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெரியம்மாவின் சுருக்குப்பைதான் அன்று முழுக்க எங்களைக் காப்பாற்றியது.

கொச்சி-முசிறி பினாலே 2012 டிசம்பர் 12 அன்று, அதாவது 12-12-12 அன்று, தொடங்கியது. தொடங்கியவர்கள் போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரண்டு ஓவியர்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துவதாகத் திட்டம். நாங்கள் போனது சுதர்சன் ஷெட்டி பொறுப்பேற்று நடத்திய மூன்றாவது பினாலே. பெயரில் இருக்கும் முசிறி நமக்குப் பழகிய முசிறிதான். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதாக அகநானூறு சொல்லும் துறைமுகம். பக்கத்தில் இருக்கும் பட்டணம் என்ற ஊரில் தோண்டி எடுத்த பானையோடுகளை வைத்தே முதல் பினாலேயில் விவான் சுந்தரம் ஒரு படைப்பு செய்திருந்தார். அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

முக்கியமான இடம் ஆஸ்பின்வால் ஹவுஸ். 1867இல் தொடங்கிய ஆங்கிலேயக் கம்பெனியின் பழைய வளாகம். மிளகும் இஞ்சியும் மஞ்சளும் ஏற்றுமதியான கிடங்குகள், காரை உதிர்ந்த சுவர்கள், ஜன்னலுக்கு வெளியே காயலில் போகும் கப்பல். எந்த அறையிலும் வெளியே பார்ப்பதா, உள்ளே பார்ப்பதா என்ற குழப்பம் வந்துவிடுகிறது. சில அறைகளில் வெளியே பார்ப்பதே மேல். இருட்டறையில் இருபது நிமிடம் ஓடும் வீடியோக்களில் எனக்குப் பொறுமை இல்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கக் குறிப்பைப் படித்தால் இன்னும் குழம்புகிறது.

வாசல் பக்கம் மண்ணும் சாணமும் பூசிய பிரமிடு ஒன்று. ஸ்லொவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டெகர் செய்தது. உள்ளே கும்மிருட்டு. சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்க வேண்டும். தாந்தே, பிரெக்ட் என்று நாடிழந்த கவிஞர்களின் வரிகள் இருட்டிலிருந்து குரலாக வந்தன. பெரியம்மா என் சட்டையைப் பிடித்தபடி வந்தார். வெளியே வந்ததும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வாசம் நம்ம ஊட்டு வாசலாட்டம் இருக்குது."

அவரை நிறுத்தி வைத்தது பி.கே. சதானந்தனின் சுவரோவியம். கேரளக் கோயில் சுவர்களில் இருக்கிற அதே பாணி, அதே இயற்கை வண்ணங்கள். ஓவியர்கள் எங்கள் கண் முன்னால் மெல்லிய தூரிகையோடு வரைந்துகொண்டிருந்தார்கள். கதை, 'பறயி பெற்ற பந்திருகுலம்'. வரருசி என்ற பிராமணருக்கும் பறையர் பெண்ணுக்கும் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு குழந்தை பிறந்ததும் வரருசி, "வாயுண்டோ?" என்று கேட்பார். உண்டு என்றால் அங்கேயே விட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். வாயைக் கொடுத்த தெய்வம் இரையும் கொடுக்கும். விட்டுப்போன பிள்ளைகள் ஒவ்வொரு சாதியில் வளர்கிறார்கள். பன்னிரண்டாவது குழந்தைக்கு அம்மா வாயில்லை என்று சொல்லிவிடுகிறாள். பார்த்தால் நிஜமாகவே வாய் இருக்காது.

அங்கே உதவிக்கு நின்ற பெண் மலையாளத்தில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே பெரியம்மா இடைமறித்தார். "இது ஆதி பகவன் கதையல்லோ!" நம்மூரில் சொல்லப்படும் அந்தக் கதையில் ஏழு குழந்தைகள், அதில் ஒருவர் வள்ளுவர். அந்தப் பெண் ஆச்சரியப்பட்டு, இவர்கள் பன்னிரண்டு பேரில் வள்ளோன் என்று ஒருவர் உண்டு, அவரைத் திருவள்ளுவர் என்பவர்களும் இருக்கிறார்கள் என்றாள். அப்புறம் இருவரும் ஆளுக்கொரு மொழியில் அரை மணி நேரம் பேசினார்கள். "பெத்தவ ஒருத்தி, இதுல என்னடா சாதி" என்று பெரியம்மா ஓவியத்தைப் பார்த்தே சொன்னார். வீட்டில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசியாகப் போனது ராவுல் சூரிதாவின் 'வலியின் கடல்'. சிலி நாட்டுக் கவிஞர். 1973 ராணுவப் புரட்சியின்போது கைதாகி ஒரு கப்பலில் அடைக்கப்பட்டவர். நீளமான கிடங்கு முழுக்க முழங்கால் அளவுத் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்துதான் எதிர்ச்சுவரில் இருப்பதைப் படிக்க முடியும். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிவிட்டார். கேட்கவில்லையா, பார்க்கவில்லையா என்று பக்கச் சுவர்களில் கேள்விகள் தொங்கின. தண்ணீர் கனமாக இருந்தது. யாரும் பேசவில்லை. கால் அளையும் சத்தம் மட்டும்தான்.

2015இல் துருக்கிக் கடற்கரையில் இறந்து குப்புறக் கிடந்த சிரியா அகதிக் குழந்தை ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே படகில் மூழ்கிய அவன் அண்ணன் காலிப்புக்கு அப்படி ஒரு படம் இல்லை. சூரிதா எழுதியது அந்த அண்ணனுக்கு. அவன் தகப்பன் நானில்லை, ஆனால் காலிப் குர்தி என் மகன் என்று முடிகிறது கவிதை. நான் படித்துத் தமிழில் சொன்னேன். "வயசென்ன?" என்றார் பெரியம்மா. ஐந்து என்றேன். திரும்பி நடக்கும்போது சேலையைத் தூக்கிப் பிடிக்க மறந்துவிட்டார். பட்டுக்கரை தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே வந்தது.

அப்புறம் மட்டாஞ்சேரி பக்கம் இஞ்சி வாசத்தில் கொஞ்சம் நடந்தோம். 'கெஸ் ஹூ' என்ற பெயருக்குப் பின்னால் முகம் காட்டாத ஒருவர் வரைந்த படங்கள் ஃபோர்ட் கொச்சிச் சுவர்களில் உண்டு என்று தேடினேன். கிடைத்தவற்றில் பாதியைக் கடற்காற்று தின்றிருந்தது. நல்ல கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைவிட அதுவே பிடித்திருந்தது.

திரும்பும் படகில் எதிரே இருந்த அம்மா எங்கள் ஈரத்துணியைப் பார்த்துவிட்டு, வெள்ளத்தில் விழுந்துவிட்டீர்களா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்லீங்க. உள்ள போய் ஒரு பையனைப் பார்த்துட்டு வர்றோம்" என்றார் பெரியம்மா.