சிவப்பு டீசலால் பறிபோன வானை மீட்ட அனுபவம்

பண்ணைகளிலிருந்து பழைய டீசல் வான் வாங்க நினைப்பவர்கள், டயரையும் கிளட்சையும் பார்ப்பதற்கு முன்னர் எரிபொருள் தாங்கிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இலண்டனிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி விநியோகிப்பதற்காகக் கென்ற் பகுதியில் ஒரு பழத்தோட்டக்காரரிடம் நான் வாங்கிய வான், என் பெயரில் பதிவுப் புத்தகம் வந்து சேருவதற்கு முன்னரே வீதிச் சோதனையில் பறிமுதலாயிற்று. வான் திரும்பி வந்துவிட்டது. கோபம் இன்னும் ஆறவில்லை. சுமுகமாக முடிந்தவற்றைத் தள்ளிவிட்டு, எங்கெங்கே இடறியது என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

வரிக்கணக்கு பலருக்கும் தெரிந்ததுதான். வீதியில் ஓடும் வாகனங்களுக்கான சாதாரண டீசல் வெள்ளை; விவசாயம் போன்ற வேலைகளுக்கு வரிச்சலுகையோடு விற்பதற்காகச் சாயம் கலந்தது சிவப்பு. 2022 மார்ச்சில் குறைக்கப்பட்ட வீதப்படி வெள்ளை டீசலுக்கு லீற்றருக்கு 52.95 பென்ஸ் தீர்வை, சிவப்புக்கு 10.18 பென்ஸ் என்றிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 1 முதல் கட்டட வேலை உட்படப் பெரும்பாலான தொழில்களுக்கு இச்சலுகை நிறுத்தப்பட்டு, விவசாயம், தோட்டக்கலை, வனவியல், மீன் வளர்ப்பு, ரயில் போன்ற சிலவற்றுக்கே மிஞ்சியது. மீன் வியாபாரம் செய்யும் நம்மவர்கள் சிலர், லொறியின் குளிரூட்டும் இயந்திரத்துக்குத் தனித் தாங்கி இருந்தால் அதற்குச் சிவப்பு அடிக்கலாம் என்று இன்றைக்கும் சொல்லக் கேட்கிறேன். அந்தச் சலுகையும் அதே நாளில் போய்விட்டது. அதை நம்பி எவரும் அடிக்க வேண்டாம்.

என்னுடைய சங்கடம் வேறு வகையானது. அந்தப் பழத்தோட்டக்காரர் வானை வீதியில் ஓடாத வாகனமாக அறிவித்துவிட்டு, அப்பிள் பெட்டிகள் ஏற்றுவதற்காகத் தன் நிலத்துக்குள் மட்டும் ஓட்டிவந்திருக்கிறார். பண்ணை எல்லையைத் தாண்டாமல் பண்ணை வேலை செய்யும் வாகனத்தில் சிவப்பு டீசல் இருப்பதில் குற்றமில்லை. ஆனால் அதே வானுக்கு நான் வீதி வரி கட்டி, காப்புறுதி எடுத்து, வாசலைத் தாண்டி ஓட்டி வந்த நொடியிலேயே அதே டீசல் சட்டவிரோதமாகிவிடுகிறது. விலை பேசும்போது அவர் பெருந்தன்மையோடு சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: அரைத் தாங்கி டீசல் இருக்கிறது, அதற்குக் காசு வேண்டாம் என்றார்.

ஏ2 நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஒதுக்கிடத்தில் பொலிஸார் கையைக் காட்டி நிறுத்தினார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தைத்தான் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வருவாய் சுங்கத் துறையின் எரிபொருள் சோதனை அதிகாரிகள் இருவர் வந்து, தாங்கியின் வாயினூடாக மெல்லிய குழாயை இறக்கிக் கைப்பம்பினால் சிறிதளவு டீசலை எடுத்தார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு அது சாதாரண மஞ்சளாகவே தெரிந்தது. வாங்கிய பின்னர் நான் நிரப்பியதெல்லாம் வெள்ளை டீசல் என்பதால் சிவப்பு வெளிறிப் போயிருந்தது. அவர்கள் அதை ஒரு சிறு குப்பியில் விட்டு, அமிலம் சேர்த்து, மூடிக் குலுக்கி, வானின் முன்தட்டில் வைத்தார்கள். சற்று நேரத்தில் டீசல் மேலேயும் அமிலம் கீழேயுமாகப் பிரிந்தது. மேல் பாதி மஞ்சளாகவே நிற்க, அடிப்பாதி மெல்ல மெல்லச் செம்மை ஏறிக்கொண்டு வந்தது. சிவப்புச் சாயத்தோடு சேர்த்துக் கலக்கப்படும் மஞ்சள் குறியீட்டுப் பொருள் அமிலத்தில் இப்படித்தான் நிறம் மாறும் என்று இளைய அதிகாரி பொறுமையாக விளக்கினார். சாயத்தை அமிலத்தாலும் களிமண்ணாலும் நீக்கிவிட்டுச் சலவை டீசலாக விற்கும் கும்பல்களுக்காகவே, எளிதில் நீக்க முடியாத இன்னொரு குறியீட்டுப் பொருளையும் 2015 முதல் கலக்கிறார்கள். ஆகவே, மேலே வெள்ளையை ஊற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால், அவருடைய மற்ற ஆலோசனைகளையும் சந்தேகத்தோடு கேளுங்கள்.

அந்த மழையில், வெண்டிக்காயும் முருங்கைக்காயும் நிறைந்த பெட்டிகளைத் தம்பியின் வானுக்கு மாற்றி ஏற்றியதைப் பற்றி எழுதப் போவதில்லை. அங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. எடுக்கப்பட்ட மாதிரியில் ஒரு பங்கை முத்திரையிட்டு உங்களிடம் தருவார்கள். அதைத் தொலைக்காமல், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள், பின்னர் நீங்களே பரிசோதனை செய்விப்பதென்றால் அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். மற்றது, கடைசியாக எங்கே டீசல் அடித்தீர்கள், வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு உங்கள் பதில்களைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் கேட்பார்கள். அதை வரிவரியாக வாசித்த பின்னரே ஒப்பமிடுங்கள். நான் வாசித்தேன், வானை வாங்கிய திகதி எழுதப்படாமல் இருந்ததைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் சேர்த்தார்கள். பின்னர் என்னைக் காப்பாற்றியவற்றுள் அந்த ஒரு வரியும் அடங்கும்.

உண்மையான தொல்லை அதற்கடுத்த வாரத்தில் தொடங்கியது. பறிமுதல் அறிவித்தலோடு வரும் விளக்கக் குறிப்பில் இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கும். பறிமுதல் செய்ததே சட்டப்படி பிழை என்று நீங்கள் வாதிடுவதானால், ஒரு மாதத்துக்குள் உரிமைக்கோரல் அறிவித்தல் அனுப்ப வேண்டும். அது நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். பறிமுதல் சரிதான், ஆனாலும் என் நிலைமையைக் கருதி வாகனத்தைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்பதானால், அது மீளளிப்பு விண்ணப்பம்; அதைத் துறையே தீர்மானிக்கும். இவை இரண்டும் வெவ்வேறு வாசல்கள் என்பதை, எங்கள் பகுதியில் கணக்கும் படிவங்களும் பார்த்துக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றின் எழுதுவினைஞர் அறிந்திருக்கவில்லை. இப்படியான கடிதங்கள் எத்தனையோ எழுதியவர் என்று பலரும் சொன்னதால் அவரிடம் போனேன். அவர் ஒரே கடிதத்தில், பறிமுதல் சட்டவிரோதமானது என்று முதற்பந்தியிலும், கருணை கூர்ந்து வானை விடுவிக்குமாறு கடைசிப் பந்தியிலும் எழுதி, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

பதில் வந்தபோதுதான் விபரீதம் புரிந்தது. அந்தக் கடிதம் உரிமைக்கோரலாக ஏற்கப்பட்டு, விடயம் நீதிமன்றத்துக்குப் போகும் என்றும், நான் தோற்றால் வழக்குச் செலவையும் செலுத்த நேரிடலாம் என்றும் அதில் இருந்தது. தாங்கியில் சிவப்பு டீசல் இருந்தது உண்மை; அதை ஊற்றியவர் நானல்லர் என்பது அந்த நீதிமன்றத்தில் எடுபடாது, ஏனென்றால் அங்கே கேட்கப்படுவது டீசல் இருந்ததா இல்லையா என்பது மட்டுமே. எனக்குத் தெரியாது என்ற வாதத்துக்கு இடமிருப்பது மீளளிப்பு வாசலில்தான். எழுதுவினைஞரிடம் திரும்பப் போனபோது, அப்படி எழுதினால்தான் பயப்படுவார்கள் என்றார். யார் பயப்படுவார்கள் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. சட்டத்தரணி ஒருவருக்கு அரைமணி நேரக் கட்டணம் கட்டி, உரிமைக்கோரலை எழுத்தில் மீளப்பெற்று, மீளளிப்பை மட்டும் கேட்கும் புதிய கடிதத்தை நானே எழுதினேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தாங்கியில் சிவப்பு டீசல் இருக்கவே இல்லை என்று உறுதியாக நம்புபவர் அந்த ஒரு மாதத்தைத் தவறவிடக் கூடாது. தவறவிட்டால் பறிமுதல் சட்டப்படி சரியானதென்றே கொள்ளப்படும். பின்னர் வரித் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் அதைத் திரும்பக் கிளற முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் தீர்த்துவிட்டது. மீளளிப்பு மறுக்கப்பட்டால் 45 நாட்களுக்குள் மீளாய்வு கேட்கலாம், அதுவும் பாதகமாக வந்தால் 30 நாட்களுக்குள் தீர்ப்பாயம். எனக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிவரவில்லை.

ஆனால் மீளளிப்பு விண்ணப்பமும் உடனே நகரவில்லை. வான் என்னுடையது என்பதற்குச் சான்று கேட்டார்கள். பதிவுப் புத்தகம் வந்து சேரவில்லை. என்னிடம் இருந்தது அதிலிருந்து கிழித்துத் தரப்படும் பச்சைத் துண்டு மட்டுமே. முழுப் புத்தகம் இருந்திருந்தாலும் அது வாகனத்தை வைத்திருப்பவர் யார் என்று காட்டுமே தவிர உரிமைக்குச் சான்றாகாது என்று அதன் முகப்பிலேயே அச்சிட்டிருக்கிறது. பற்றுச்சீட்டோ, பழத்தோட்டக்காரர் கிழித்தெடுத்த தாளில் தொகையையும் தன் கையொப்பத்தையும் மட்டும் எழுதிக் கொடுத்தது. திகதி இல்லை, வாகன இலக்கம் இல்லை. புதிய பற்றுச்சீட்டு கேட்டுக் கென்ற் வரைக்கும் போனேன். தான் எந்தப் பிழையும் செய்யவில்லை என்றும், இந்த விவகாரத்தில் எதிலும் கையொப்பமிட மாட்டேன் என்றும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொல்லி அனுப்பிவிட்டார். முதற்பாதி உண்மை என்பதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது. வானுக்குள் கிடந்த தள்ளுவண்டியையும் தராசையும் எடுக்கலாம் என்று வாகனம் நின்ற தரிப்பிடத்துக்குப் போன பயணமும் வீண். எழுத்து அனுமதி இல்லாமல் கதவைத் திறக்க முடியாது என்றார்கள். தொலைபேசியில் கேட்டபோது அதைச் சொல்லியிருக்கலாம்.

மனம் வெறுத்திருந்த நேரத்தில் நண்பர் ஒருவர், "பொருளாதாரத் தடைக் காலத்தில யாழ்ப்பாணத்தில மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓட்டின எங்களுக்கு இதெல்லாம் ஒரு குற்றமோ?" என்று சிரித்தார். அப்போது எங்களிடம் பெற்றோலே இல்லை. இங்கே பம்பில் தாராளமாகக் கிடைக்கும்போது அந்தக் கதை எடுபடாது என்று அவருக்குச் சொன்னேன். இருந்தாலும் சிரிப்பு வந்தது.

வழி திறந்தது கைத்தொலைபேசியில். விலை பேசிய நாட்களில் பழத்தோட்டக்காரர் வட்சப்பில் அனுப்பிய படங்களை அழிக்காமல் வைத்திருந்தேன். ஒரு படத்தில், இலக்கத்தகடு தெளிவாகத் தெரிய, வான் அவருடைய பச்சை பிளாஸ்ரிக் எரிபொருள் தாங்கியின் பக்கத்திலேயே நிற்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால், வீதி எரிபொருளாகப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை ஒட்டியையும் வாசிக்க முடிகிறது. படத்தோடு திகதியும், அதற்குக் கீழே விலையும், இலவச டீசல் பற்றி அவர் எழுதிய வரியும் அப்படியே இருந்தன. அன்றைக்கே அந்தத் தொகையை வங்கி மூலம் அனுப்பியிருந்தபடியால், வங்கிக் கூற்றும் உரையாடலும் சேர்ந்து உரிமைச் சான்றாயின.

அத்தோடு நிறுத்தாமல் ஒரு கணக்கும் இணைத்தேன். எம்.ஓ.டி. எனப்படும் வருடாந்த வாகனத் தகுதிச் சோதனையில் பதிவான மைல் எண்ணிக்கையை இணையத்தில் எவரும் பார்க்கலாம். விற்பனைக்குச் சற்று முன்னர்தான் அந்தச் சோதனை நடந்திருந்தது. அன்றிலிருந்து பறிமுதல் அறிவித்தலில் குறிக்கப்பட்ட மைல் வரைக்கும் ஓடிய தூரத்துக்கு எவ்வளவு டீசல் தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கிட்டு, அதற்கு எதிரே நான் வெள்ளை டீசல் வாங்கிய பற்றுச்சீட்டுகளை வைத்தேன். இலவசமாக வந்த அரைத் தாங்கியைக் கழித்தால் இரண்டும் ஒத்துப் போயின. நான் சிவப்பு அடித்திருக்க இடமே இல்லை. இதை முடித்துத் தந்தது, ஒவ்வொரு முறையும் வாகன இலக்கத்தைப் பதியும் எரிபொருள் அட்டை. சுப்பர்மார்க்கெட் பம்புத் துண்டுகளில் இலக்கம் இராது, எழுத்தும் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.

மீளளிப்பு ஒப்புக்கொள்ளப்பட்டது, கட்டணத்தோடு. மீளளிப்புத் தொகை, இழுத்துச் சென்ற செலவு, தரிப்பிடக் கூலி எல்லாம் சேர்ந்து வானின் விலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. எழுபது லீற்றர் தாங்கி நிரம்பச் சிவப்பு இருந்திருந்தாலும், மேலே சொன்ன வீதப்படி தீர்வை வித்தியாசம் 30 பவுணுக்குள்தான் வரும். இதற்கிடையில் காப்புறுதியும் வீதி வரியும் வங்கியிலிருந்து மாதாமாதம் போய்க்கொண்டே இருந்தன. பறிமுதலான அன்றே அவற்றைப் பற்றி எழுதிக் கேட்டிருங்கள்.

வானை எடுக்கப் போகும் நாளில் பலரும் மறந்துவிடக்கூடியது ஒன்று உண்டு. பிடிபட்ட அதே டீசல் இன்னும் தாங்கிக்குள்தான் இருக்கும். சாவியை வாங்கி, இயந்திரத்தை இயக்கி, வாசலைத் தாண்டினால் அது இரண்டாவது குற்றம். ஆகவே தூக்கிச் செல்லும் லொறியோடு போங்கள். எங்கள் பக்கத்துக் கராஜ்காரர் அந்த டீசலை இறக்க மறுத்துவிட்டார், அதை முறைப்படி அகற்றும் வசதி அவரிடம் இல்லை. தவறான எரிபொருளை இறக்கித் தரும் நடமாடும் சேவை ஒன்றை அழைத்து, தாங்கியையும் குழாய்களையும் வெள்ளை டீசலால் அலசுவித்து, வடிகட்டியையும் மாற்றினேன். வெளியே எடுத்த வடிகட்டியைக் கவிழ்த்தபோது அதன் அடியில் தேங்கியிருந்தது நல்ல சர்பத் நிறத்தில் கொட்டியது. தாங்கியை மட்டும் இறக்கி வடிகட்டியை விட்டிருந்தால் அடுத்த சோதனையிலும் அகப்பட்டிருப்பேன். எத்தனை லீற்றர் இறக்கினார்கள், எப்படி அகற்றினார்கள் என்று அவர்கள் எழுதித் தந்த சான்றின் பிரதி எப்போதும் வானின் முன்பெட்டிக்குள் கிடக்கிறது.

செலவுகளைத் திரும்பப் பெறுவதற்குப் பழத்தோட்டக்காரர் மீது சிறு கோரிக்கை வழக்குப் போட்டிருக்கிறேன். வட்சப் படங்களையும் கணக்கையும் இணைத்து அனுப்பியாயிற்று. அவருடைய பதில் வந்தது: டீசலைத் தான் விற்கவில்லை, இலவசமாகத்தான் கொடுத்தேன் என்று எழுதியிருக்கிறார். விசாரணைத் திகதி இன்னும் குறிக்கப்படவில்லை.